காயாத சாக்கில் தூரிகை வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்து ஹட்டனில் மூன்று பிள்ளைகள் தங்கள் வேலைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். பழைய தேயிலைக் கொழுந்துக் கூடை, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தகரம், சணல் சாக்கு எல்லாவற்றையும் பலகையில் ஒட்டி, மேலே அக்ரிலிக்கில் வரைந்திருந்தார்கள். நல்ல கற்பனை. ஆனால் சாக்கின் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகளைக் கண்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த மாதிரி வேலையில் செய்யக்கூடாத தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காயாத பொருளை ஒட்டுவது

கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மாயி (அம்மாவின் அம்மா) இடுப்பில் கட்டிய சணல் சாக்குப் படங்கு ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு ஜூலை மாதம் அதைப் பிளைவூட்டில் பைண்டர் கம்மால் ஒட்டி, அவர் ஏறி இறங்கிய மலையை அதன்மேல் வரைந்து, வார்னிஷும் அடித்தேன். தொட்டபோது காய்ந்துதான் இருந்தது. இரண்டே மாதத்தில் உள்ளிருந்து பூஞ்சணம் கிளம்பியது. வார்னிஷுக்கு அடியில் இருப்பதை எப்படித் துடைப்பது? பிய்த்தால் நார் நாராக வந்தது. வண்ணம் கடையில் கிடைக்கும். அம்மாயியின் படங்கு எங்கே கிடைக்கும்? இன்றும் அது ஆறவில்லை.

சணல் காற்றில் இருக்கும் ஈரத்தையே குடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் கையை நம்பவே கூடாது. துவைத்து, கிடைத்த வெயிலில் போட்டு, அப்புறம் அடுப்படியில் தொங்கவிட்டு, தினமும் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் பசையைத் தொட வேண்டும். நான் இப்போது ஒட்டும் வேலையையே பெப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவிடுகிறேன். பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் வறண்ட காற்று வீசும்.

பலகையின் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். முன்பக்கத்தை மட்டும் அடைத்தால் ஈரம் பின்னால் புகுந்து உள்ளேயே தங்கிவிடும்.

துருவின் மேல் நேராக வண்ணம்

அக்ரிலிக்கில் தண்ணீர் இருக்கிறது. துருப்பிடித்த தகரத்தில் பூசினால் சில நாளில் பழுப்புக் கறை மேலே வரும். கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஒக்சைட் என்ற துருத்தடுப்புப் பூச்சை ஒரு கை அடித்துக் காயவிட்டு, பிறகு வரையுங்கள். துருவின் நிறமே வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தேய்த்த பின் வார்னிஷால் மூடி விட்டுவிடுங்கள்.

பளபளக்கும் எனமலுக்கு மேல் அக்ரிலிக்

உரிந்து வரும். உப்புத்தாளால் தேய்க்காமல் தொடாதீர்கள்.

அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுப்பது

வேண்டவே வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிவிடும்.

பாரத்தைப் பசையிடம் விடுவது

தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி போன்ற பாரமான பொருளைப் பசையை நம்பி ஒட்டாதீர்கள். பலகையில் துளை போட்டு, செப்புக் கம்பியால் பின்பக்கம் முறுக்கிக் கட்டுங்கள்.