எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கணுமா? முதல்ல உங்க கேமரா ஃபைல பாருங்க

வாரத்துக்கு ஒருத்தராவது "அண்ணே எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கணும், எது நல்லாருக்கும்"னு கேட்டுடுறாங்க. நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான், என்ன கேமராவுல எடுக்குறீங்க? அதுக்கும் லேப்டாப்புக்கும் என்னண்ணே சம்பந்தம்னு ஒரு மாதிரி பாப்பாங்க.

நான் பட்ட பாட்ட சொல்றேன். கல்யாண வீடியோ தான் நமக்கு பொழப்பு. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் லேப்டாப் ஒண்ணு வாங்குனேன், கடைக்காரர் "சார் இதுல எல்லா கேமும் ஓடும், எடிட்டிங்லாம் ஜுஜுபி"ன்னாரு, பழைய கேமரா ஃபைல் எல்லாம் பட்டாசா ஓடவும் செஞ்சுது. அப்புறம் கேமராவ மாத்துனேன். முதல் கல்யாணம், தாலி கட்டுற ஷாட்ட டைம்லைன்ல போட்டு ப்ளே பண்ணா கெட்டிமேளம் மட்டும் கரெக்டா கேக்குது, படம் அப்பப்ப ஒரு தடவ நகருது. மாப்பிள்ளை கை மாலைக்கிட்டயே நிக்குது, அங்க மூணு முடிச்சும் போட்டு முடிஞ்சிருச்சு.

விஷயம் என்னன்னா, கேமரா வீடியோவ எச்.264, எச்.265னு சுருக்கி மடிச்சு தான் சேவ் பண்ணும். எடிட் பண்றப்போ அத விரிச்சாகணும். அதுக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு பகுதி இருக்கு, ஆனா அதுக்கு எல்லா மடிப்பும் தெரியாது. இப்போ வர்ற சோனி, கேனான் கேமரா நிறையதுல 4:2:2 10 பிட் (கலர் விவரத்த கூடுதலா பதியுற முறை) இருக்கு, கலர் கிரேடிங்குக்கு, அதாவது எடுத்த பின்னாடி கலர சரி பண்றதுக்கு அருமை, ஆனா என்விடியா கம்பெனி கிராபிக்ஸ் கார்டுல ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸுக்கு முன்னாடி வந்த எந்த கார்டுக்கும் அத விரிக்கத் தெரியாது, பெரிய ஆர்டிஎக்ஸ் 4090ஆவே இருந்தாலும் சரி. இன்டெல்ல 11வது ஜெனரேஷன்ல இருந்து ப்ராசஸருக்குள்ள இருக்குற கிராபிக்ஸே எச்.265 4:2:2வ விரிச்சிடும். ஆப்பிள் எம்1ல இருந்து எல்லா மேக்லயும் ஓடும். ஆக ஒரு சாதா மேக்புக் ஏர் என் தடி லேப்டாப்ப விட ஸ்மூத்தா ஓட்டுது, வயிறு எரியுமா எரியாதா?

அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல உங்க ஃபைல ஓப்பன் பண்ணி 4:2:0வா 4:2:2வா, 8 பிட்டா 10 பிட்டான்னு பாத்துக்கங்க. 4:2:0ன்னா கவலையே இல்ல, இப்போ வர்ற எந்த நல்ல லேப்டாப்பும் சமாளிக்கும். 4:2:2ன்னா ஒரு பென்டிரைவ்ல அந்த கிளிப்பையும் விஎல்சி போர்ட்டபிளையும் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற வீடியோ ப்ளேயர்) போட்டு எடுத்துட்டு போங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க ஊரு ஷோரூமோ, டெமோ பீஸ்ல கிளிப்ப டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி (பென்டிரைவ்ல இருந்தே ஓட்டாதீங்க, அது வேற திணறும்) ப்ளே பண்ணிட்டு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு போய் வீடியோ டீகோட் (அந்த விரிக்கிற வேலை) கிராஃப பாருங்க. அது ஏறுச்சுன்னா நல்ல லேப்டாப். அது செத்துப்போன மாதிரி கிடந்து சிபியு மட்டும் எகிறுச்சுன்னா "யோசிச்சு சொல்றேண்ணே"ன்னு நகர்ந்துடுங்க. சில கேமிங் லேப்டாப்ல இன்டெல் கிராபிக்ஸ ஆஃப் பண்ணி தனி கார்டு மட்டும் ஓடுற மோடு ஒண்ணு இருக்கும், அத மாத்திட்டும் ஒரு தடவ பாருங்க.

ரேம் 16 ஜிபிக்கு கீழ வேண்டாம், 4கே, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்னு போனா 32. விண்டோஸ் லேப்டாப்னா ரேம் பின்னாடி போட முடியுமான்னு கேட்டுக்கங்க, போர்டுலயே ஒட்டி வர்றதும் உண்டு. மேக்ல பேச்சே இல்ல, வாங்கும்போது என்னவோ அதுதான் கடைசி வரைக்கும்.

கிராபிக்ஸ் கார்டே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல, டாவின்சின்னு ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கு, அதோட நாய்ஸ் ரிடக்ஷன், கலர்லாம் கிராபிக்ஸ் கார்டுல தான் ஓடுது. ஆனா பேர மட்டும் பாக்காதீங்க, வாட்ஸயும் கேளுங்க. ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 ஒரு லேப்டாப்ல 45 வாட்ஸ்ல ஓடும், இன்னொண்ணுல 115 வாட்ஸ்ல ஓடும், ஸ்டிக்கர் ரெண்டுலயும் ஒண்ணு தான்.

ஸ்க்ரீன் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபிங்கிறது ஸ்க்ரீன் எவ்ளோ கலர் காட்டும்ங்கிற அளவு; 45% என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா தொடாதீங்க, 100% எஸ்ஆர்ஜிபி வேணும். மங்குன ஸ்க்ரீன்ல கிரேட் பண்ணி அரக்கு கலர் பட்டுச்சேலை ஆரஞ்சா போய் பொண்ணு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டவன் நான்.

எஸ்எஸ்டி 512 பத்தாது. 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி, முகூர்த்தம் ரிசப்ஷன்னு ரெண்டு கேமரா வெச்சா நீங்களே கணக்கு போட்டுக்கங்க. 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) எடுத்துட்டு முடிஞ்ச வேலைய வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு தள்ளிடுங்க.

ஏற்கனவே என்னை மாதிரி தப்பா வாங்கிட்டீங்கன்னா விக்க அவசரப்படாதீங்க. ப்ரீமியர்லயும் டாவின்சிலயும் ப்ராக்ஸி இருக்கு, அதாவது ஒரிஜினல் ஃபைலுக்கு லேசா ஓடுற ஒரு சின்ன காப்பி, ராத்திரி சார்ஜர் மாட்டி ப்ராக்ஸி போட்டுட்டு படுத்துடுங்க, காலைல அந்த சின்ன ஃபைல்ல எடிட் பண்ணுங்க, எக்ஸ்போர்ட் பண்ணும்போது மட்டும் அது ஒரிஜினல எடுத்துக்கும். நான் ரெண்டு சீசன் இப்படித்தான் ஓட்டுனேன், என்ன, ஃபேன் சத்தத்துல வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல.