டிங்கெலியின் இயந்திரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சுவிஸுக்கு வரும் சொந்தக்காரர்களைப் பனிமலைக்கு மட்டும் கூட்டிப்போய் அனுப்பிவிடுவதில்லை நான். பாசல் நகரில், ரைன் ஆற்றங்கரையில் உள்ள டிங்கெலி அருங்காட்சியகத்துக்கும் இழுத்துப் போவேன். ழான் டிங்கெலி (1925–1991) பழைய இரும்பு, சக்கரம், மோட்டார் என்று கிடைத்ததையெல்லாம் கோத்து, ஆடி ஓடிச் சத்தம் போடும் சிற்பங்கள் செய்தவர். போன மாதம் மச்சான் குடும்பம் வந்தது. முதல் தடவை நான் செய்த தவறுகளை வரிசை மாறாமல் செய்தார்கள். தொடாதே, ஓடாதே என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுவோம்.

பொத்தானை மிதித்துவிட்டு நடையைக் கட்டுவது

பல இயந்திரங்களுக்கு முன்னால் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். காலால் மிதித்தால் ஓடும். ஆனால் நினைத்த நேரமெல்லாம் ஓடாது. சில இயந்திரங்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஒருமுறை ஆடினால் சில நிமிடம் ஓய்வு கொடுத்துத்தான் அடுத்த ஆட்டம்.

எனக்கு அது தெரியாது. மிதித்தேன், அசையவில்லை. ஓங்கி மிதித்தேன். பழுது போல என்று அடுத்ததற்குப் போனேன். அங்கேயும் அதே கதை. நாற்பது நிமிடத்தில் வெளியே வந்து, "காசு கொடுத்துப் பழைய இரும்புக்கடை பார்த்தேன்" என்று வீட்டில் சொன்னேன். மனைவி இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

மச்சானும் நாலு மிதி மிதித்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். எனக்கு வந்ததே எரிச்சல்! தோளைப் பிடித்து நிறுத்தினேன். மூன்றாவது நிமிடம் ஒரு பட்டை இழுபட்டது, பெரிய சக்கரம் முனகியது, எங்கோ உள்ளே 'டங்' என்று விழுந்தது. அப்புறம் அவரை அங்கிருந்து நகர்த்தத்தான் பாடுபட்டேன்.

திங்கட்கிழமை போவது

பூட்டியிருக்கும்.

படங்களை ஓரக்கண்ணால் பார்ப்பது

1959இல் டிங்கெலி செய்த மெட்டா-மாட்டிக் இயந்திரங்கள் படம் வரையும். காகிதத்தையும் பேனாவையும் மாட்டி ஓடவிட்டால் இரும்புக் கை உதறி உதறிக் கிறுக்கும். அவரே கையால் வரைந்தவையும் உண்டு. இரண்டு கோடுகளையும் கிட்டப்போய்ப் பாருங்கள்.

சிரித்த முகத்தோடு மெங்கெலே அறைக்குள் நுழைவது

1986இல் டிங்கெலியின் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை மின்னல் தாக்கி எரிந்தது. கருகிய மரம், வளைந்த இரும்பு, விலங்கு மண்டையோடுகளைக் கொண்டு அவர் செய்த 'மெங்கெலே மரண நடனம்' என்ற சிற்பத் தொகுதிதான் இந்த அறையில் இருக்கிறது. சாம்பலில் கிடந்த சோள அறுவடை இயந்திரத்தில் இருந்த கம்பெனிப் பெயர்தான் மெங்கெலே; அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளை வைத்துக் கொடூரப் பரிசோதனை செய்த நாஜி மருத்துவன் யோசெஃப் மெங்கெலேயின் குடும்பக் கம்பெனி. சுவரில் நிழல்கள் அசையத் தொடங்கியதும், அதுவரை குதித்துக்கொண்டு வந்த மச்சானின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.