பைக்கை விட்டு இறங்கி பெட்ரோல் போடுங்கள்

பங்கில் பைக்கின் மேல் உட்கார்ந்தபடியே பெட்ரோல் போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கும் இருந்தது. டேங்க் விளிம்பில் வழிந்த பெட்ரோல் சூடான என்ஜினை நோக்கி ஓடியதைப் பார்த்த அன்றோடு விட்டுவிட்டேன். இறங்கி நின்றால் சட்டென்று விலகலாம். மீட்டரும் கண்ணுக்கு நேராக இருக்கும்.

மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே "போடுங்கண்ணே" என்று சொல்லுங்கள். சரியாக அந்த நேரத்தில்தான் "கார்டா, பணமா?" என்ற கேள்வி வரும். பதிலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டாம். வெயிலில் பெட்ரோல் விரியும். மூடிக்குக் கீழே கொஞ்சம் இடம் வேண்டும்.

மழைநாளில் இன்னொரு வேலை இருக்கிறது. திறப்பதற்கு முன் மூடியைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனால் அதோடு கலந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மறுநாள் காலையில் கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் கால்தான் வலிக்கும்.