சென்னையில் இருந்துகொண்டே வேற்றுக் கோள் தேடுவது எப்படி?

வேற்றுக் கோள் என்றால் சூரியனை அல்லாமல் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள். சென்னை வானத்தை நம்பி இதைத் தேடும் வேலையில் இறங்க வேண்டாம், தெருவிளக்கும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து பாதி நட்சத்திரங்களை விழுங்கிவிடும். லேப்டாப்பும் இன்டர்நெட்டும் போதும். நட்சத்திரங்களின் ஒளி எப்போது குறைகிறது என்று கவனிக்க நாசா 2018-ல் ஏவிய டெஸ் விண்கலத்தின் தரவு எல்லோருக்கும் இலவசம்.

பைத்தான் கணினி மொழியில் இந்தத் தரவை அலச உதவும் லைட்கர்வ் (Lightkurve) தொகுப்பை நிறுவிக்கொண்டு, முதலில் ஏற்கெனவே தெரிந்த கோளில் கை பழகுங்கள். எச்டி 209458 என்ற நட்சத்திரம் நல்ல தேர்வு: மூன்றரை நாளுக்கு ஒருமுறை கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி சுமார் ஒன்றரை சதவீதம் குறைவது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். சூரியன் போன்ற நட்சத்திரத்தைப் பூமி அளவுக் கோள் மறைத்தால் குறைவது 0.01 சதவீதம்கூட இல்லை.

சரி, வரைபடத்தில் ஒளி இப்படிக் குறையும் பள்ளம் ஒன்று புதிதாகச் சிக்கிவிட்டதா? உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். அதன் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கூராக இருந்தாலோ, அடுத்தடுத்த பள்ளங்கள் மாறி மாறி வேறு ஆழத்தில் வந்தாலோ, அது பெரும்பாலும் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரம்தான். டெஸ் கேமராவின் ஒரு பிக்சல் வானில் 21 ஆர்க்செகண்ட் அகலம் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), அதனால் பக்கத்து நட்சத்திரத்தின் சேட்டையும் கலந்துவிடும். மதராஸ் வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப் 1855-லேயே 70 ஒபியூச்சி என்ற இரட்டை நட்சத்திரத்தில் கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார், அந்தக் கூற்று நிற்கவில்லை. நம்மூரிலேயே நடந்த கதை இது!

இதையே வேலையாக்க ஆசையென்றால் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, பிஎச்டி சேர்வதற்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். அகமதாபாத்தில் உள்ள பி.ஆர்.எல். ஆய்வு நிறுவனத்தின் பராஸ் கருவி அபு மலையில் இருந்தபடி, கோளின் ஈர்ப்பால் நட்சத்திரத்துக்கு வரும் தள்ளாட்டத்தை அளந்து கோளின் நிறையைக் கணிக்கிறது. கோடிங்கை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், பிஎச்டி சேர்ந்தபின் அதற்கு நேரம் கிடைக்காது.