காய்கறி ஏற்றிய குட்டியானையில் டர்ட் பைக்

ஏற்காட்டுக்கு டர்ட் பைக் (கரடுமுரடான மண்பாதையில் ஓட்டும் பைக்) ஏற்றிப்போக, சேலத்தில் காய்கறி லோடு அடித்த பழைய குட்டியானை (டாடா ஏஸ் மினி லாரி) ஒன்றை வாங்கினேன். தொட்டி 7 அடி, பைக் அதைவிடக் கால் அடி நீளம். மூலைக்கு மூலை நிறுத்தினால் அடங்கியது. முதல் தடவை பக்கத் தகட்டுக் கொக்கியில் கயிறு கட்டி, சைடு ஸ்டாண்டையும் போட்டுவிட்டுக் கிளம்பினேன் (என் புத்தி!), அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதிலேயே பைக் படுத்துவிட்டது, கிளட்ச் லீவர் காலி.

அப்புறம் பட்டறையில் முன்சக்கரம் உட்கார ஓர் இரும்புக் கவ்வி செய்து, தளத்துக்குக் கீழே சேஸிஸ் சட்டத்தோடு போல்ட் போட்டேன். இப்போது ஸ்டாண்டை மடக்கி, ஹேண்டிலின் இருபுறமும் ராட்செட் பெல்ட் (நெம்பி நெம்பி இறுக்கும் பட்டை) மாட்டி, முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) பாதி அமுங்கும்வரை இழுக்கிறேன். முழுசாக இழுத்தால் ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கு ஆகாது. கடைசி வளைவு வரை அசையவில்லை.