மிட்டிலினி விவாதத்தை மாணவர்களுக்குப் பழக்குவது எப்படி?

விவாதப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துவோர், கைப்பேசி நன்மையா தீமையா என்ற தலைப்பைச் சற்று ஒதுக்கிவையுங்கள். சிங்கப்பூரின் தோ பாயோவில் உயர்நிலை மாணவர்களுக்கு நான் கொடுப்பது கி.மு. 427இல் ஏதென்ஸில் நடந்த மிட்டிலினி விவாதம்.

முதலில் கதை. லெஸ்போஸ் தீவின் மிட்டிலினி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்க மக்கள் மன்றம் முடிவெடுத்துக் கப்பலும் அனுப்பியது. மறுநாளே மனம் உறுத்த, மீண்டும் கூடியது.

அந்தக் கூட்டத்தில் எதிரெதிராகப் பேசிய இருவராக மாணவர்கள் பேசட்டும். ஒரு மாணவர் கிளியோன். தண்டனை மாறக்கூடாது என்பார். மற்றவர் டையோடோட்டஸ். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் பதிவின்படி, டையோடோட்டஸ் இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சவில்லை. எல்லாரையும் கொன்றால் அடுத்து கிளரும் நகரம் கடைசிவரை சரணடையாது, பாழான ஊரிலிருந்து வருவாயும் வராது என்று ஏதென்ஸின் லாபத்தையே பேசினார். ஆகவே கண்ணீர் வசனத்தில் இறங்கும் மாணவரை உடனே நிறுத்துங்கள். நம் பிள்ளைகளுக்கு அது கைவந்த கலை!

நேரம் அளக்க, ஏதென்ஸ் நீதிமன்றங்களின் நீர்க்கடிகாரம்: அடியில் துளையிட்ட மைலோ டின், கீழே ஒரு வாளி. நீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது.

பிறகு கைதூக்கி வாக்கெடுப்பு. உண்மை முடிவை அதற்கு முன் சொல்லிவிடாதீர்கள். டையோடோட்டஸ் மயிரிழையில் வென்றார். முதல் ஆணையைத் தடுக்க அனுப்பிய இரண்டாம் கப்பலின் துடுப்புக்காரர்கள், ஒயினும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, சரியான தருணத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று கருதப்பட்டோர் கொல்லப்பட்டனர். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.