அந்த ரெஃபரன்ஸைத் திறந்து பார்த்தீர்களா? ஆய்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங், பிசியோதெரபி, பார்மசி மாணவர்களின் ப்ராஜெக்ட் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. போன வாரம் ஏழு வந்தன. ஏழிலும் மாணவனாக இருந்தபோது நான் அடித்த கூத்துகள் அப்படியே இருந்தன, ஆள்தான் வேறு. எழுத்துப்பிழை, மார்ஜின், வரி இடைவெளி பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் உங்கள் கைடே சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தந்துவிடுவார்.

படிக்காத கட்டுரைக்கு எண் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

என் தீசிஸ் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி பற்றியது. வலிக்காக ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற போதை வகை வலிநிவாரணி) பெறும் நோயாளிகள் அதற்கு அடிமையாவது அரிது என்று அறிமுகத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ரெஃபரன்ஸ்: போர்ட்டர், ஜிக், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், 1980. அந்தக் கட்டுரையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வேறொருவர் கட்டுரையில் அந்த வரியும் ரெஃபரன்ஸும் ஜோடியாக இருந்தன. இரண்டையும் சேர்த்துத் தூக்கி வந்துவிட்டேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் பேனாவை அந்த வரியில் வைத்தார். “இது எந்த மாதிரி ஆய்வு?”

“கோஹார்ட் ஆய்வு சார்.” ஒரு குழுவைப் பல நாள் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு அது. குத்துமதிப்பாகச் சொன்னேன்.

“எத்தனை பக்கம் இருக்கும்?”

“எட்டு, பத்துப் பக்கம் இருக்கும் சார்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரெஃபரன்ஸ் பட்டியலைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். நானே டைப் செய்தது: தொகுதி 302, பக்கம் 123. எந்தப் பக்கம் வரை என்றே இல்லை. வெறும் 123.

அது ஆய்வுக் கட்டுரையே இல்லை. இதழாசிரியருக்கு எழுதிய கடிதம். மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் கண்காணிக்கப்பட்ட 39,946 பேரில் 11,882 பேருக்கு ஒரு தடவையாவது போதை வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்டது. முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அடிமையானதாகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான். எல்லோரும் வார்டில் இருந்தவர்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் அல்ல. எத்தனை நாள் கொடுத்தார்கள், டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன ஆனது என்பதற்கு அதில் ஒரு சொல் கிடையாது.

நான் மட்டும் செய்த தவறு என்றுதான் பல வருடம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 2017-ல் அதே இதழில் கனடா ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608. அதில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே 491 சொல்லவில்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டியதும் துணைபோனது என்பது அவர்கள் கருத்து. அதன் பிறகு இதழே அந்தக் கடிதத்தோடு ஒரு எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது.

எனக்குக் கிடைத்த தண்டனை, அறிமுகப் பகுதியை முழுக்கத் திருப்பி எழுதுவது. நாற்பது சொச்சம் ரெஃபரன்ஸையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்பது கட்டுரைகள் நான் எழுதியதற்குச் சம்பந்தமே இல்லாத எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. மூன்று வாரம் போயிற்று.

ஆகவே, மூலத்தைத் திறங்கள். சுருக்கத்தோடு நிற்காமல், யாரை, எப்படி ஆராய்ந்தார்கள் என்ற பகுதியையும் நீங்கள் எடுக்கும் எண் இருக்கிற அட்டவணையையும் பாருங்கள். மூலம் கிடைக்கவே இல்லையா? நீங்கள் உண்மையில் படித்த கட்டுரையையே ரெஃபரன்ஸாகக் காட்டுங்கள், ஏ.பி.ஏ. என்ற ரெஃபரன்ஸ் முறையில் ‘இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டது’ என்று போட வழியே இருக்கிறது. திறக்கும்போது கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட, லான்செட் மருத்துவ இதழின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 2010-லேயே திரும்பப் பெறப்பட்டது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் அதைப் பளிச்சென்று போட்டிருக்கிறார்கள். சாட்ஜிபிடி தந்த ரெஃபரன்ஸ் என்றால், அப்படி ஒரு கட்டுரை உலகத்தில் இருக்கிறதா என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

டெம்ப்ளேட்டை அப்படியே விடுவது

வான் டெர் கியர் என்பவர் பெயரில் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. உண்டு என்றால், கிடையாது. எல்செவியர் பதிப்பகம் ரெஃபரன்ஸை எப்படி எழுதுவது என்று காட்டத் தந்த மாதிரி அது. அதை அழிக்காமல் அனுப்பியவர்களின் புண்ணியத்தில், இல்லாத அந்தக் கட்டுரைக்குக் கிட்டத்தட்ட 400 மேற்கோள்கள் சேர்ந்திருந்தது 2017-ல் அம்பலமானது. அவர்கள் யாரும் மாணவர்கள்கூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரெஃபரன்ஸ் எண்களைக் கையால் போடுவது

மருத்துவக் கட்டுரைகளில் ரெஃபரன்ஸுக்கு எண் போடும் வான்கூவர் முறையில் எண் அகரவரிசைப்படி வராது. கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு 1. நடுவில் ஒன்றைச் செருகினால் கீழே எல்லாமே ஒரு படி நகரும். போன வார ஏழில் ஒன்றில், பட்டியல் நகர்ந்திருந்தது, உள்ளே இருந்த எண்கள் நகரவில்லை. கை கழுவுதல் பற்றிய வாக்கியம் சர்க்கரை நோயாளியின் பாதப் புண் கட்டுரையைக் காட்டிக்கொண்டு நின்றது. ரெஃபரன்ஸ் எண்களைத் தானே பார்த்துக்கொள்ளும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம்தான். முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். அது இழுத்து வரும் தலைப்பு, ஆசிரியர் பெயர்களை மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள்.

பி மதிப்பு 0.000

அப்படி ஒன்று இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு, அது சுத்தமாகப் பூஜ்யம் ஆகாது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்புகள் மூன்று தசமத்தோடு நிறுத்திக் காட்டும், அதனால் வருவது. ‘0.001-ஐ விடக் குறைவு’ என்று எழுதுங்கள்.

சுருக்கத்தை முதலில் எழுதுவது

வேண்டாம்.

ஒரே நேரத்தில் எடுத்த சர்வேயை வைத்து ‘இதுதான் காரணம்’ என்பது

‘தொடர்பு இருக்கிறது’ வரைக்கும்தான் உங்களுக்கு அனுமதி.

செக்லிஸ்ட்டைக் கடைசி நாளில் திறப்பது

கட்டுரையில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று பட்டியலிடும் செக்லிஸ்ட்கள் இருக்கின்றன: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் சோதனை ஆய்வுக்கு கன்சார்ட், கவனிப்பு ஆய்வுக்கு ஸ்ட்ரோப், முறைசார் மீளாய்வுக்கு பிரிஸ்மா. அனுப்புவதற்கு முந்தைய இரவு டிக் அடிக்கும் காகிதம் என்றுதான் எல்லோரும் இவற்றை நினைக்கிறார்கள். தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர், பங்கேற்றவர்கள் எத்தனை பேர், மற்றவர்கள் ஏன் விலகினார்கள் என்று ஸ்ட்ரோப் கேட்கிறது. தரவு சேகரிக்கும் அன்றைக்கே குறித்து வைத்தால்தான் பதில் இருக்கும். ஒரு மாணவியிடம், கேள்வித்தாளை வாங்க மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். “கொஞ்ச பேர் சார்” என்றார். தரவு சேகரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.